ஞாயிற்றுக்கிழமை சுற்றாத பம்பரம்

அத்தியாயம் 11

“அண்ணி, இன்னொரு ழ்.”

வாடகைக் காரின் பின்சீட்டில் மடிக்கணினியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கொழுந்தன் அறிவித்தான். பக்கத்தில் கண்ணை மூடிச் சாய்ந்திருந்த நிதானம், மூடிய கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

“எங்கே?”

“‘இவர் முந்தைய கம்பெனியில் ஏழு வருடம் வேலை பார்த்தது உண்மை’ங்கிற இடத்துல. உண்மைக்குப் பக்கத்துல ஒரு ழ் நிக்குது. வேலை கொடுக்கப் போறவங்க பயந்துடுவாங்க அண்ணி, உண்மைக்கு ஏதோ வால் முளைச்சிருக்குன்னு.”

“அழிச்சிடு.”

“இதோட ஒன்பது அழிச்சாச்சு. தமிழ் மேல பாசம் இருக்கலாம். அதுக்காக நாலு பக்க ரிப்போர்ட்டுக்கு ஒன்பதா?”

“விரல் எங்கேயோ படுது. வயசாச்சு. விடேன்.”

நிதானம் என்பது அவளுடைய பெயரல்ல. தொழிலில் இருப்பவர்கள் வைத்தது. எதற்கும் ஓட மாட்டாள். மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்று சுவரில் மாட்டியிருக்கும் படத்தை ரசிப்பாள். படம் இல்லாவிட்டால் சுவரை ரசிப்பாள். வயது ஐம்பத்தெட்டு. பதினாறு வருடம் ஒரு பத்திரிகையில் தகவல் தேடிக் கொடுக்கும் வேலையில் இருந்தாள். பத்திரிகைக்குப் பூட்டுப் போட்டதும், தேடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத காரணத்தால் துப்பறிவாளர் ஆனாள். கொலை, கொள்ளை என்று யாரும் வருவதில்லை. வேலைக்கு வருபவன் சொன்னதெல்லாம் நிஜமா, காணாமல் போன ஸ்கூட்டர் யார் வீட்டு வாசலில் நிற்கிறது, இந்த மாதிரிதான்.

கொழுந்தன் என்றால் கணவனின் தம்பி. நாற்பத்துநாலு வயது. இன்சூரன்ஸ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு அண்ணியிடம் உதவியாளனாகச் சேர்ந்தவன். கை கால்களுக்கு அவ்வப்போது ஓய்வு கொடுப்பான், வாய்க்குக் கொடுத்ததில்லை.

“மணி ரெண்டு,” என்றான் அவன். “அஞ்சு மணிக்குள்ள முடியணும்னு சொன்னாங்க. வெளியாள் கையெழுத்து ஒண்ணு வேணுமாம், அவ்வளவுதான். போட்டுட்டு வந்துடலாம்ல?”

“போட்டுட்டு வந்துடலாம்,” என்றாள் நிதானம். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தாள். முழங்கால் வலி அன்றைக்குக் காலையிலேயே ஆரம்பித்திருந்தது.

கார் நின்ற இடம் தடுப்பூசி மருந்துகளைச் சேமித்து வைக்கும் கிடங்கு. வாசலிலேயே விசாரணை அதிகாரி காத்துக்கொண்டிருந்தார். அறுபதை நெருங்கியவர், கிடங்கின் தரக்கட்டுப்பாட்டுத் தலைவரும் அவர்தான். இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய குரல். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு “வாங்கம்மா, படி பார்த்து” என்று சொன்ன விதத்திலேயே நிதானத்துக்கு அவரைப் பிடித்துவிட்டது. படி இருப்பதை முன்கூட்டிச் சொல்லும் மனிதர்கள் இப்போதெல்லாம் குறைவு.

நடந்ததை அவரே சுருக்கமாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குக் குளிர் அறையின் கம்ப்ரஸர் நின்றுபோயிருக்கிறது. மதியம் இரண்டரைக்குத் தானாகவே மறுபடி ஓடியிருக்கிறது. இடையில் உள்ளே இருந்த நாற்பது பெட்டி மருந்தும் சூடாகிவிட்டது. அன்றைக்கு டியூட்டியில் இருந்தது ஸ்டோர்காரப் பெண் ஒருத்தி மட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைப் பார்த்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டியது அவள் வேலை. ஏற்றியும் இருக்கிறாள், எல்லாம் சரி என்று. செவ்வாய்க்கிழமை ஒரு கிளினிக் நர்ஸ், மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும், சூடு பட்டால் கறுக்கும் அடையாள வில்லை கறுத்திருப்பதைக் கவனித்துப் போன் செய்திருக்காவிட்டால், அந்த மருந்து குழந்தைகளுக்குப் போயிருக்கும்.

“எந்தக் குழந்தைக்கும் போடலை, நல்லவேளை,” என்றார் அதிகாரி. “ஆனா யாராவது பதில் சொல்லணும் இல்லையா? அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டா. தூங்கிட்டாளாம். அஞ்சு மணிக்கு ஆர்டர்ல கையெழுத்து வாங்கிடுவோம். நீங்க ஒரு தடவை பதிவேட்டைப் பார்த்துட்டு, சரின்னு ஒரு வரி எழுதிட்டீங்கன்னா போதும்.”

“ஆர்டர்னா என்ன ஆர்டர்?”

“வேலையை விட்டு எடுக்கறது. அப்புறம் போலீஸ் புகார். எனக்கே மனசு கேக்கலை, என்ன பண்றது.”

கிடங்கின் உள்ளறையில் இரண்டு கணினிகள் அருகருகே இருந்தன. ஒன்று மெலிந்தது, புதிது. மற்றது பானை வயிற்றோடு மேஜையில் பாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. எதிரே குளிர் அறையின் தடித்த கதவு. அதன் பக்கத்து ஆணியில் மூன்று கம்பளி ஜாக்கெட்டுகள். ஸ்டோர்காரப் பெண் ஓரமாக ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். அழுது முடித்த முகம் அல்ல அது. அழ வேண்டிய அவசியமே வராது என்று யாரோ வாக்குக் கொடுத்திருக்கிற முகம். நிதானம் அதை மனதில் குறித்துக்கொண்டாள்.

“தூங்கினியாம்மா?”

“ஆமா மேடம். தூங்கிட்டேன். பார்க்காமலே எழுதிட்டேன்.”

பாடம் ஒப்பிப்பதைப் போல வந்தது பதில். நிதானம் புதிய கணினியின் முன் உட்கார்ந்தாள். பதிவேடு திறந்தே இருந்தது. ஞாயிறு எட்டு மணிக்கு: 4.1, சரி. பத்து மணிக்கு: 4.1. பன்னிரண்டுக்கு: 4.1. இரண்டுக்கு: 4.1. நான்கு மணிக்கு மட்டும் 7.8, எட்டைத் தாண்டாததால் அதுவும் சரி. இதில் ஒரு விசேஷம். பத்து, பன்னிரண்டு, இரண்டு ஆகிய மூன்று வரிகளிலும் குறிப்புக் கட்டத்தில் ஆங்கில ‘ஓகே’வுக்கு முன்னால் தேவையே இல்லாமல் ஓர் இஸட் இருந்தது.

“அதுதான் முக்கியமான சாட்சியாம்,” கொழுந்தன் அதிகாரி கொடுத்த காகிதத்தைப் படித்தான். “தூக்கத்தில் தலை சாய்ந்து விரல் சாவியின் மேல் விழுந்ததால்னு போட்டிருக்கு. கார்ட்டூன்ல தூங்கறவங்க தலைக்கு மேல இஸட் போடுவாங்களே, அது மாதிரி குறட்டையைக் கூட எழுத்துப்பூர்வமா பதிவு பண்ணியிருக்கா அண்ணி. இவ்வளவு நேர்மையான ஊழியரை நான் பார்த்ததே இல்லை.”

நிதானத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்த மூன்று இஸட்டையும் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“தம்பி, நீ தூங்கி விழுந்து கீபோர்டு மேல சாஞ்சா எத்தனை எழுத்து விழும்?”

“நானா? ரெண்டு பக்கம் விழும்.”

“இங்க ஒண்ணே ஒண்ணு. மூணு தடவையும் ஒண்ணே ஒண்ணு. அதே சாவி, அதே இடம். இவ்வளவு நாகரிகமா யாராவது தூங்குவாங்களா?”

கொழுந்தன் வாயைத் திறந்தான், மூடினான். “போட்டுட்டு வந்துடலாம்னு சொன்னீங்களே அண்ணி,” என்றான் பரிதாபமாக.

“சொன்னேன்,” என்று பெருமூச்சு விட்டாள் நிதானம்.

மெக்கானிக்கைக் கூப்பிட்டார்கள். எண்ணெய்க் கறை படிந்த விரல்களோடு வந்தவர், பானை வயிற்றுக் கணினியைத் தட்டிக் கொடுத்தார்.

“குளிர் அறையோட பலகை, அதாவது உள்ளே எத்தனை டிகிரின்னு சொல்ற பெட்டி, அது இந்த மிஷின்ல மட்டும்தான் பேசும் மேடம். புது மிஷின்ல திறந்தா வெறும் வெள்ளைப் பக்கம். அதனால இதுல பார்த்து, அதுல ஏத்தணும். வெப்பநிலைக்கு ஒரு பக்கம், கதவு எத்தனை தடவை திறந்ததுன்னு ஒரு பக்கம். ரெண்டையும் பார்க்கணும்.”

“சூடானா மணி அடிக்காதா?”

“அடிக்கும். போன வருஷம் ஊமையாயிடுச்சு. நானும் எழுதிக் கொடுத்துட்டே இருக்கேன்.”

அவர் மவுஸை அசைத்ததும் திரை விழித்தது. மூலையில் சின்னதாக ஒரு பம்பரம்.

நிதானம் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். “இது இன்னும் உயிரோடவா இருக்கு?”

அது ஒரு பழைய பிரவுசர். அதன் நிஜப் பெயர் யாருக்கும் நினைவில் இல்லை. பக்கம் திறக்கும்போது மூலையில் பம்பரம் சுற்றும், அதனால் பம்பரம். நிதானம் பதினாறு வருடம் தினமும் எட்டு மணி நேரம் அதோடு குடித்தனம் நடத்தியிருக்கிறாள். ஒரே ஜன்னலில் பத்துப் பக்கம் வைத்துக்கொள்ளலாம் என்பதை முதலில் காட்டியது அது. நேற்று விட்ட இடத்திலேயே இன்றைக்குத் திறந்து கொடுத்தது அது. மற்ற பிரவுசர்களெல்லாம் ஒரு பக்கத்துக்கு ஒரு காபி குடித்து முடிக்க வைத்த காலத்தில், இது கண் சிமிட்டுவதற்குள் கொண்டுவந்து வைக்கும். இன்று எல்லோரும் தங்களுடையது என்று மார்தட்டிக்கொள்ளும் வசதிகளில் பாதி அதனிடமிருந்து போனவை. அதற்கு என்ன கிடைத்தது? ஒவ்வொரு இணையதளமாக ‘உங்கள் பிரவுசர் பழையது’ என்று சொல்லிக் கதவைச் சாத்தின. கடைசியில் அதைச் செய்த கம்பெனியே கை கழுவிவிட்டது. பத்து வருடம் முன்னால் பிறந்துவிட்டால் அப்படித்தான் என்று நிதானம் நினைத்தாள். அதில் கொஞ்சம் சொந்தக் கசப்பும் இருந்தது.

மானிட்டரின் ஓரத்தில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. ‘வட்ட அம்புக்குறியை அமுக்கவும். பம்பரம் சுற்றினால்தான் புது எண்.’

“இதை யார் எழுதினது?”

“நான்தான். புதுசா வர்றவங்களுக்கு. அந்தப் பொண்ணு மூணு வருஷமா இதைப் பார்த்துத்தான் பண்ணுது. தப்பவே தப்பாது.”

“சரி, நான் ஒரு வரி எழுதிடறேன்,” என்று நிதானம் புதிய கணினிப் பக்கம் திரும்பினாள். உடம்பெல்லாம் அசதியாக இருந்தது. சனிக்கிழமைப் பக்கத்துக்குப் போய்ப் பார்த்தாள், ஒன்றுமில்லை. மறுபடி ஞாயிற்றுக்கிழமைக்கு வர வேண்டும். யோசிக்காமல் விரல் ஒரு சாவியைத் தட்டியது. பக்கம் நகரவில்லை. தேடும் கட்டத்துக்குள் ஓர் எழுத்து விழுந்தது.

இஸட்.

“அண்ணி.” கொழுந்தனின் குரல் அன்றைக்கு முதல் முறையாகத் தாழ்ந்திருந்தது. “இப்ப என்ன பண்ணீங்க?”

“பின்னால போக அமுக்கினேன்.”

“எதை?”

நிதானம் தன் இடது கையைப் பார்த்தாள். சுண்டுவிரல் கீழ்வரிசையின் ஓரச் சாவியில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. அது அங்கே போனது அவளுக்கே தெரியாது.

“கார்ல ஒன்பது ழ் அழிச்சியே,” என்றாள் மெதுவாக. “தமிழ்ல வச்சு இந்தச் சாவியை அமுக்கினா என்ன வரும்?”

கொழுந்தன் மொழியை மாற்றிவிட்டு அமுக்கினான். ழ். மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி அமுக்கினான். இஸட்.

“ஒரே சாவி!” என்றவன் அடுத்த நொடியே பழைய நிலைமைக்கு வந்துவிட்டான். “அப்ப ஞாயித்துக்கிழமை இங்க வந்து எழுதினது நீங்கதானா? அன்னைக்கு வீட்ல ஆளையே காணோம்னு அண்ணன்கூடச் சொன்னாரு.”

“பம்பரத்துல பின்பக்கம் போக இந்த ஒரு சாவி போதும். பதினாறு வருஷம் அமுக்கினேன். பம்பரம் போயிடுச்சு, விரல் போகலை. புது பிரவுசருக்கு இது புரியாது, வெறும் எழுத்தா விழும். நான் வயசுன்னு நினைச்சேன். பழக்கம்.” அவள் எழுந்தாள். அசதி எங்கோ ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. “மெக்கானிக் சார், இப்ப எத்தனை டிகிரி?”

வட்ட அம்புக்குறியை அவர் அமுக்கினார். பம்பரம் சுற்றியது. 3.8.

“குளிர் அறைக் கதவை அஞ்சு நிமிஷம் திறந்து வைக்கலாமா?”

வைத்தார்கள். கிடங்கு முழுவதும் வெள்ளைப் புகையாகக் குளிர் வழிந்தது. கொழுந்தன் ஒரு ஜாக்கெட்டை எடுத்து மாட்டிக்கொண்டு இன்னொன்றையும் மேலே போர்த்திக்கொண்டான். நிதானம் பழைய கணினியில் கதவுப் பக்கத்தைத் திறந்தாள். பிறகு சுண்டுவிரலால் தட்டினாள். வெப்பநிலைப் பக்கம் கண் சிமிட்டுவதற்குள் வந்து நின்றது. 3.8. மூலையில் பம்பரம் அசையவே இல்லை.

“கதவு திறந்திருக்கே! எப்படி அதே 3.8?”

“அதுதான் இதோட பெருமை. பின்னால போனா குளிர் அறையைப் போய்க் கேக்காது. ஏற்கெனவே பார்த்ததைக் கையில வச்சிருக்கும், உடனே எடுத்து நீட்டும். அந்தக் காலத்துல அதுக்காகத்தான் இதைக் கொண்டாடினோம்.” நிதானம் வட்ட அம்புக்குறியை அமுக்கினாள். பம்பரம் சுற்றியது. 5.2. “எட்டு மணிக்கு அந்தப் பொண்ணு ஒழுங்கா அம்புக்குறியை அமுக்கிப் பார்த்துட்டு 4.1னு எழுதினா. அதுக்கப்புறம் வேற யாரோ உக்காந்திருக்காங்க. கதவுப் பக்கம், சுண்டுவிரல், வெப்பநிலைப் பக்கம். எட்டு மணிப் படத்தையே மூணு தடவை பார்த்து, மூணு தடவை எழுதியிருக்காங்க. எழுதும்போது புது மிஷின்லயும் அதே விரல். அதான் மூணு இஸட்.”

ஸ்டோர்காரப் பெண் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டாள். “இல்ல மேடம். நான்தான் எழுதினேன். நான்தான் தூங்கினேன்.”

“பின்னால போறதுக்கு என்ன பண்ணுவேம்மா? காட்டு.”

அவள் மவுஸை எடுத்து, அம்புக்குறியைத் தேடிப் பிடித்து அமுக்கினாள். இடது கை மேஜைக்கே வரவில்லை.

“யாரைம்மா காப்பாத்துறே?” என்று நிதானம் கேட்டாள். அந்தப் பெண் ஸ்டூலில் உட்கார்ந்தாள். மறுபடி அவள் உள்ளங்கையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மணி நான்கு. கொழுந்தனின் சந்தேகம் கிடங்கின் மேனேஜர் மேல், உள்ளே வரும்போது பார்த்திருந்தான். “ஷூ ரொம்பப் பளபளப்பா இருக்கு அண்ணி. கிடங்குல வேலை பார்க்குறவன் ஷூ அப்படி இருந்தா எங்கேயோ தப்பு நடக்குது.” மேனேஜரின் அறைக்குப் போய், போன மாதப் பதிவைக் காட்டச் சொன்னாள் நிதானம். அப்புறம் அதற்கு முந்தைய பக்கத்துக்குப் போகச் சொன்னாள். அவர் வலது கையால் மவுஸைச் சுழற்றினார். இடது கையில் போன். பம்பரம் தெரியுமா என்று கேட்டதற்கு, “அது குழந்தைங்க விளையாட்டுச் சாமான்தானே?” என்றார். நடிக்கும் அளவுக்கு அவருக்குப் பொறுமை இல்லை. மெக்கானிக்கையும் சோதித்தார்கள். அவர் சாவிகளை ஒவ்வொன்றாகத் தேடித்தேடி ஆள்காட்டி விரலால் குத்தினார்.

“அவ்வளவுதான் அண்ணி, ஆள் தீர்ந்துபோச்சு,” என்றான் கொழுந்தன்.

“விசாரணை அதிகாரிகிட்ட சொல்லிடலாம். நல்ல மனுஷர், இன்னும் ரெண்டு நாள் டைம் கொடுப்பார்.”

அதை அவள் மனதாரத்தான் சொன்னாள்.

அவருடைய அறை மாடியில். நிதானம் பாதியில் நின்று சுவரை ரசித்துவிட்டு ஏறினாள். அவர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். மேஜை மேல் மடிக்கணினி திறந்திருந்தது. ஆர்டர் தமிழில் தயாராக இருந்தது. ‘பணியிலிருந்து நீக்கப்படுகிறார்’ என்ற வரி அவள் கண்ணில் பட்டது.

“எழுதிட்டீங்களாம்மா?”

“ஒரே ஒரு சந்தேகம் சார். இதுக்கு முந்தின பக்கத்துல ஞாயித்துக்கிழமை விவரம் வச்சிருக்கீங்கல்ல? ஒரு தடவை காட்டுங்களேன்.”

“தாராளமா,” என்றபடி அவர் திரையைப் பார்த்தார். இடது சுண்டுவிரல் கீழே இறங்கி ஓரச் சாவியைத் தட்டியது.

பணியிலிருந்து நீக்கப்படுகிறார் ழ்.

அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை. ஈ ஓட்டுவதைப் போல வலது கை அந்த எழுத்தை அழித்தது, பிறகு மவுஸுக்குப் போனது. நிறைய முறை அழித்துப் பழகிய கை அது. கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். அவனுக்குச் சொல்ல ஒன்றுமே வரவில்லை. அவனுடைய வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

நிதானம் தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். இவராக இல்லாமல் இருந்திருக்கலாம் என்று அவளுக்கு இருந்தது.

“பம்பரம் பழக்கமா சார்?”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. “அட, உங்களுக்கும் தெரியுமா?”

“பதினாறு வருஷம்.”

“நான் பதினெட்டு! இங்க முதல்ல அதைப் போட்டதே நான்தாம்மா. குளிர் அறைப் பலகையை அதோட இணைச்சது நான். எல்லாரும் கிண்டல் பண்ணாங்க, பிரவுசர்ல போய் டிகிரி பார்க்குறதான்னு. இன்னைக்கு உலகமே அப்படித்தான் பார்க்குது. பத்துப் பக்கம் ஒரே ஜன்னல்ல, ஞாபகம் இருக்கா? அந்த வேகம்? இப்ப வர்றதெல்லாம்…”

“வேகம்தான்,” என்றாள் நிதானம். “ஞாயித்துக்கிழமை பம்பரம் சுத்துச்சா சார்?”

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அவளைப் பார்த்தார். பிறகு தன் இடது கையைப் பார்த்தார். அதை மேஜையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கீழே குளிர் அறையின் கம்ப்ரஸர் ஓடும் சத்தம் அங்கேயும் கேட்டது.

“அந்தப் பொண்ணோட அம்மா வீட்ல விழுந்துட்டாங்கன்னு காலையில போன் வந்துச்சு,” என்றார். “டியூட்டியில தனியா இருந்தா. நடுவுல போனா வேலை போயிடும், அதான் ரூல். எனக்குப் போன் பண்ணி அழுதா. நீ போம்மா, நான் வந்து உக்காந்துக்கறேன்னு சொன்னேன். பின்வாசல் சாவி எங்கிட்ட இருக்கு. அவ மூணு மணிக்கு மேல திரும்பி வர்ற வரைக்கும் அவ பேர்லயே எழுதிட்டேன். மூணு தடவை பார்த்தேன். மூணு தடவையும் நாலு புள்ளி ஒண்ணு. எவ்வளவு ஒழுங்கா ஓடுது பார், நம்ம போட்டதுன்னு சந்தோஷம்கூடப் பட்டேன்.”

“எப்பத் தெரிஞ்சது?”

“செவ்வாய்க்கிழமை. நர்ஸ் போன் பண்ணினதும்.”

“ஞாயித்துக்கிழமை நீங்க பண்ணினது தப்பு சார். எனக்கும் வந்திருக்கும், என் விரலும் அப்படித்தான். நடுவுல ஒரு பொண்ணை அவ அம்மாகிட்ட அனுப்பினது நல்ல காரியம். செவ்வாய்க்கிழமை பண்ணினதுக்கு என்ன பேர் சொல்றது?”

“எனக்கு ரிட்டயர்மென்டுக்கு நாலு மாசம் இருக்கும்மா.”

“அவளுக்கு முப்பது வருஷம் இருக்கு.”

அவர் மடியில் இருந்த இடது கையை வலது கையால் மூடிக்கொண்டார்.

“ஒண்ணு மட்டும் கேக்கறேன். எத்தனையோ பேர் இருக்க, என்னை ஏன் கூப்பிட்டீங்க?”

அவர் தயங்கினார். “நீங்க ரொம்பக் களைச்சுப் போயிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன். சீக்கிரம் கையெழுத்துப் போட்டுடுவீங்கன்னு…”

நிதானத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. போட்டிருப்பாள், அதுதான் உண்மை. ஒரு சுண்டுவிரல் குறுக்கே வந்திருக்காவிட்டால் போட்டுவிட்டு இந்நேரம் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருப்பாள். அந்த நினைப்புதான் சுருக்கென்று குத்தியது.

“இதெல்லாம் நிக்குமாம்மா?” அவர் குரல் இன்னும் மெதுவாகியிருந்தது. “ஒரு எழுத்தை வச்சு எதை நிரூபிப்பீங்க?”

“நான் எதையும் நிரூபிக்கப் போறதில்லை. தம்பி, அந்தப் பொண்ணை வரச் சொல்லு.”

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் ஸ்டோர்காரப் பெண் மேலே வந்தாள். கையெழுத்துப் போடத் தயாராகப் பேனாவும் கொண்டுவந்திருந்தாள்.

“இவர் உங்கிட்ட என்ன சொல்லியிருந்தாரும்மா?” என்று கேட்டாள் நிதானம்.

பெண் அதிகாரியைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“பரவாயில்லை, எனக்குத் தெரியும். நீ வெளியே போனது எங்களுக்குத் தெரியும்,” என்றாள் நிதானம்.

“தூங்கிட்டேன்னு சொல்லுன்னாரு மேடம்,” என்றாள் அவள் தயங்கித் தயங்கி. “வெளியே போனேன்னு சொன்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். தூங்கினதா இருந்தா ஒரு எச்சரிக்கையோட முடிச்சிடலாம், நான் பார்த்துக்கறேன்னாரு. அவர் எனக்காகத்தானே வந்தாரு? அன்னைக்கு அவர் வரலைன்னா எங்கம்மா தரையிலேயே கிடந்திருப்பாங்க.”

நிதானம் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள்.

பெண் நின்றபடியே படித்தாள். நீக்கப்படுகிறார் என்ற இடத்தைத் தாண்டிப் போலீஸ் என்ற இடத்துக்கு வந்தபோது உதடு அசைவது நின்றுவிட்டது. மறுபடி முதலிலிருந்து படித்தாள். பேனாவை மேஜை மேல் வைத்தாள்.

“ரெண்டு நாளா நான் உங்களைக் காப்பாத்திட்டு இருந்தேன் சார்,” என்றாள். குரல் உயரவே இல்லை. “நீங்களும் உங்களைத்தான் காப்பாத்திட்டு இருந்தீங்களா?”

நிதானம் முப்பது வருடத்தில் எத்தனையோ பேர் மாட்டிக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். கத்துவார்கள், காலில் விழுவார்கள், வக்கீலைக் கூப்பிடுவார்கள். இவர் ஒன்றும் செய்யவில்லை. மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஆர்டரை முழுவதும் அழித்தார். காலிப் பக்கத்தில் தட்ட ஆரம்பித்தார்.

கொழுந்தன் ஸ்டோர்காரப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். அவள் வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை.

எழுதியது அரைப் பக்கம்கூட இல்லை. பிரிண்டரிலிருந்து வந்த காகிதத்தை நிதானம் எடுத்துப் படித்தாள். ஞாயிற்றுக்கிழமை, போன், பின்வாசல், மூன்று தடவை, செவ்வாய்க்கிழமை, எதையும் விடவில்லை. ‘அவரைப் போகச் சொன்னது நான். பதிவேட்டில் எழுதியதும் நான்’ என்ற வரிக்குப் பிறகு, ஞாயிற்றுக்கிழமை விவரத்தைச் சரிபார்க்கப் பின்னால் போயிருக்க வேண்டும், தனியாக ஒரு ழ் நின்றது.

கொழுந்தன் எட்டிப் பார்த்தான். “சார், இங்க ஒரு எழுத்து கூடுதலா இருக்கு. அழிச்சிட்டு வேற பிரிண்ட் எடுத்துடலாமா?”

“வேண்டாம் தம்பி,” என்றார் அதிகாரி. “அது இருக்கட்டும். நான் எழுதினேன்னு தெரியட்டும்.”

ஸ்டோர்காரப் பெண் வைத்துவிட்டுப் போன பேனாவை எடுத்து அவர் கையெழுத்துப் போட்டார். அந்தப் பெண் அதற்குள் படி இறங்கிக்கொண்டிருந்தாள். கதவைத் திறந்து வைத்ததால் குளிர் அறையில் ஐந்து மணிக்கும் ஒரு முறை வெப்பநிலை பார்க்க வேண்டியிருந்தது, பார்க்க வேண்டியது அவள்தான்.

நிதானம் சாட்சிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு எழுந்தாள். முழங்கால் வலி திரும்பி வந்துவிட்டது. படிக்கட்டின் பாதியில் அவள் நின்றபோது கொழுந்தனும் நின்றான். அங்கே படம் ஏதும் இல்லை, வெறும் சுவர்தான்.

“நல்ல சுவர் அண்ணி,” என்றான் அவன்.

“ஆமா,” என்றாள் நிதானம். கீழே பழைய கணினியின் முன் அந்தப் பெண் குனிந்து உட்கார்ந்திருப்பது அங்கிருந்து தெரிந்தது. மவுஸை நகர்த்தி வட்ட அம்புக்குறியை அமுக்கினாள். மூலையில் பம்பரம் சுற்றியது. அது நிற்கும் வரை காத்திருந்துவிட்டுத்தான் அவள் எண்ணை எழுதினாள்.